புளி பட்டதும் பித்தளை பளிச்சிடுவது ஏன்?

பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். காற்றிலுள்ள ஆக்சிஜன் செம்போடு சேர்ந்து ஆக்சைடுப் படலமாகப் படிவதால்தான் குத்துவிளக்கு கறுக்கிறது. வெறும் தண்ணீரில் அந்தப் படலம் கரையாது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமோ அந்த ஆக்சைடை நீரில் கரையும் உப்பாக மாற்றிவிடும். அடியிலிருக்கும் உலோகம் வெளியே தெரியும். கல்லுப்பு சேர்த்தால் இன்னும் வேகம். அதிலுள்ள குளோரைடு செம்பைக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும், பரல் தேய்க்கவும் உதவும்.

எண்ணெய்ப் பிசுக்கிடம் மட்டும் புளியின் பாச்சா பலிக்காது. முதலில் சீயக்காயோ சோப்போ போட்டு அதைப் போக்குங்கள்.

சிலர் மணிக்கணக்கில் புளியில் ஊறப்போடுகிறார்கள். வேண்டாம்! அமிலம் துத்தநாகத்தை அரித்து, விளக்கு செம்புநிறமாகச் சிவந்துவிடும். சில நிமிடமே போதும். அலசியதும் ஈரம் போகத் துடையுங்கள்; இடுக்கில் புளி தங்கினால் பச்சையாகக் களிம்பேறும்.