ராசா காலத்துக் காகிதம்

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் டீக்கடையில் ஆ. ராசா பேரை எடுத்தால் பேச்சு நேராக 2ஜி அலைக்கற்றை வழக்குக்குப் போய்விடும். 2011இல் கைது, 2017 டிசம்பரில் விடுதலை, எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு முன்னால் 2004 முதல் 2007 வரை அவர் மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சராக இருந்ததை யாரும் பேசுவதில்லை. எனக்கென்னவோ நம்ம ஊருக்கு அந்த மூன்று வருஷம்தான் முக்கியம்.

பெரம்பலூரை ஒட்டிய வேலூர் கிராமத்துக்காரர், வக்கீல். 1996இல் பெரம்பலூர் தனித்தொகுதியில் ஜெயித்து டெல்லி போனார். வாஜ்பாய் அரசில் இணையமைச்சர், மன்மோகன் சிங் அரசில் கேபினட். தொகுதி பொதுவானதும் 2009இல் நீலகிரிக்கு மாறிவிட்டார். ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிச்சமில்லை என்று நாடு அலறியது அவர் காலத்தில்தான். அதன் பிறகு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வந்தது. புலி இருக்கட்டும், நமக்குப் பக்கத்தில் இருப்பது கல்குவாரி.

வெடி வைத்த மறுநாள் சின்ன வெங்காயத் தாளைத் தடவிப் பாருங்கள், விரலில் மாவு போல ஒட்டும். அந்தக் குவாரிக்கும் அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தருவது எப்படி என்று சொல்வது 2006 செப்டம்பர் 14இல் அவர் அமைச்சகம் போட்ட அறிவிக்கை. முன்பு அனுமதிக் கோப்பு டெல்லிக்குப் போகும். இந்த அறிவிக்கை கோப்புகளை ஏ, பி என்று பிரித்து, பெரியதை டெல்லிக்கும் மற்றதை மாநில ஆணையத்துக்கும் அனுப்பியது. பி-யிலேயே பி2 என்று முத்திரை விழுந்தால் கருத்துக் கேட்புக் கூட்டமே கிடையாது. ஓட்டை அங்கேதான்.

மற்றவற்றுக்குக் கூட்டம் உண்டு. 30 நாள் முன்பே பேப்பரில் விளம்பரம் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும், கலெக்டரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதி இல்லை. நாலு பேர் வந்தாலும் 'கூட்டம் நடந்தது' என்று கோப்பில் ஏறிவிடும். இது கம்பெனிக்குத் தோதான வரி, சந்தேகமில்லை. நமக்குத் தோதாகவும் ஒன்று உண்டு: பேசியதையெல்லாம் எழுதி, முடிவில் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே அடுத்த விளம்பரம் வந்தால் வெங்காயப் பட்டறை வேலையை அரைநாள் நிறுத்திவிட்டுப் போங்கள். பேசிவிட்டு உடனே கிளம்பாதீர்கள். கடைசியில் வாசிக்கும்போது உங்கள் புகார் அதில் இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.