மழை மீது பழி போடலாமா?



உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு இறைவிசுவாசிகளுக்கு இடப்பட்ட கட்டளையோடுதான் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் தொடங்குகிறது. அரசாங்கம் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைக்கும் பாலம், சாலை, குடிநீர்த் திட்டம் ஆகியவையும் உடன்படிக்கைகளே. குறித்த நாளில் வேலை முடியாதபோது, "மழை பெய்துவிட்டது" என்ற பதில் வருகிறது. அது எப்போது நியாயம்? எப்போது வெறும் சாக்கு?

நெம்மேலி காட்டும் பாடம்

நமது படூருக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் அமைந்துள்ளது நெம்மேலி. நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையத்திற்கு அங்கே 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1,516.82 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த அந்நிலையம் 2024 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். 2020இல் கொரோனா ஊரடங்கு. அதே ஆண்டு நவம்பரில் நிவர் புயல். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகிலேயே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம். கடல்நீரை எடுக்கும் குழாயைக் கடலுக்குள்தான் பதிக்க வேண்டும். அலை கொந்தளிக்கும் நாளில் எந்தப் பொறியாளராலும் அது ஆகாது. ஆயினும், எந்தத் தடை எத்தனை நாட்களை விழுங்கியது என்பதை நாவு சொல்லக் கூடாது. பதிவேடு சொல்ல வேண்டும். ஏனெனில், தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துக் காத்திருப்பவை சாமானியக் குடும்பங்கள்.

விதி என்ன சொல்கிறது?

மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகள், 'வழக்கத்திற்கு மாறான மோசமான வானிலை'யைக் கால நீட்டிப்புக்கு உரிய காரணமாக ஏற்கின்றன. ஆனால் தடை ஏற்பட்ட 14 நாட்களுக்குள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். வேலைத் தளத்தில் தடைப் பதிவேடு இருக்க வேண்டும். நியாயமான காரணமின்றித் தாமதித்தால், ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு வரை இழப்பீடு பிடிக்கப்படலாம்.

'வழக்கத்திற்கு மாறான' என்ற சொல்லைக் கவனியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. ஒப்பந்தப்புள்ளி கொடுத்தபோதே அது தெரியும். அந்த மழைக்குரிய நாட்களையும் கணக்கில் சேர்த்துத்தான் கெடு ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் 2015 நவம்பரில் சென்னையில் 100 செ.மீட்டருக்கும் மேல் மழை கொட்டியதும், அதைத் தொடர்ந்து டிசம்பர் முதல் தேதியன்று பெய்யத் தொடங்கிய மழை ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. அளவைத் தொட்டதும் எவருடைய கணக்கிலும் அடங்காதவை. அத்தகைய நாட்களுக்கு அவகாசம் மறுப்பது அநீதி. கொரோனா காலத்திலும் மத்திய நிதி அமைச்சகம் 2020 மே மாதத்தில், மூன்று மாதத்திற்குக் குறையாமலும் ஆறு மாதத்திற்கு மேற்படாமலும் அபராதமின்றிக் கெடுவை நீட்டிக்க வழி செய்தது.

ஷரீஅத்தின் நீதி

மரத்திலுள்ள கனிகளை விற்ற பின் இயற்கைச் சேதம் தாக்கினால், வாங்கியவரின் சுமையைத் தள்ளுபடி செய்யுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹபிலோ, சேதம் மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் தள்ளுபடி. காற்றில் உதிர்வதும் பறவை கொத்துவதும் எல்லாத் தோப்பிலும் நடப்பவை. வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். வழக்கமான மழைக்கும் பெருவெள்ளத்திற்கும் உள்ள வேறுபாடும் இதுவே!

1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமியும், 'இஸ்திஸ்னாஉ' எனும் செய்துதரும் ஒப்பந்தத்தில் தாமதத்திற்கு அபராத நிபந்தனை சேர்க்கலாம் என்றும், தவிர்க்க முடியாத சூழ்நிலையில் அது செல்லாது என்றும் தீர்மானித்தது.

நம் வீட்டு வாசலில்

இது அரசாங்கத்தின் விவகாரம் மட்டுமன்று. வீடு கட்டும்போது மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகக் கெடு சொல்லிவிட்டுப் பிறகு சண்டையிடுகிறோம். மழை மாதங்களுக்கு எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வேலை நின்ற நாளை அன்றே குறித்து இருவரும் கையொப்பமிடுங்கள். வேறு இடத்து வேலைக்குப் போன நாளை மழைக் கணக்கில் எழுதுவது பொய். புயல் நாளைக் காட்டி, செய்து முடித்த வேலைக்குரிய கூலியைப் பிடிப்பது அநியாயம். இரண்டுக்கும் மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மழை அல்லாஹ்வின் அருட்கொடை. நம் சோம்பலுக்கு அதைச் சாட்சியாக அழைக்க வேண்டாம். வாக்கைக் காப்பவர்களாகவும், இயலாமல் போனவருக்கு அவகாசம் அளிப்பவர்களாகவும் வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.