அலமாரியில் கிடந்த சீட்டு

பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தை கொண்டு வரும் சீட்டை நாம் எல்லோரும் உடனே படித்து விடுகிறோமா? நான் படிக்கவில்லை. அதனால் வந்ததை அன்பர்களிடம் சொல்லி விடுகிறேன்.

1994-ல் நான் நாகர்கோவில் பக்கம் ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்தேன். குடும்பம் திருவனந்தபுரத்தில். மகள் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒரு நாள் நர்ஸிங் மாணவிகள் வந்து எல்லாக் குழந்தைகளுக்கும் எடை, உயரம், பல், காது, கண் பார்த்தார்கள். கண்ணுக்கு 'ஈ' எழுத்து அட்டை. 6 மீட்டர் தள்ளி நின்று, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

மாலையில் ஒரு சீட்டு வந்தது. மலையாளக் கையெழுத்து. என் மனைவிக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. சீட்டு ரேஷன் கார்டோடு அலமாரிக்குள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வந்த நானும் கேட்கவில்லை.

மறு வருஷம் அதே சோதனை. இம்முறை தலைமை ஆசிரியையான சிஸ்டரே ஆளனுப்பி அழைத்தார். வலது கண் பார்வை மிகவும் மங்கல். இடது கண் நன்றாக இருந்ததால் குழந்தை குறை சொன்னதே இல்லை. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை மறைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகமாம். நாங்கள் ஒரு வருஷத்தைத் தொலைத்திருந்தோம். இன்றும் அந்தக் கண் முழுதாகத் தெளியவில்லை.

இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் லாபம் உண்டு. பள்ளிச் சுகாதாரம் நர்ஸிங் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது; மாணவிகளுக்குப் பயிற்சி, பள்ளிக்குச் செலவில்லாத பரிசோதனை. மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளியில் இன்னொரு வசதி: பெற்றோர் அங்குள்ளவர் சொல்லை நம்புவார்கள். 2017-ல் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசிக்கு மலப்புறத்தில் பலர் தயங்கியபோது, சுகாதாரத் துறை மதத் தலைவர்களின் உதவியைத்தான் நாடியது. 2013 முதல் மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமும் 18 வயது வரை பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கிறது. அதில் வாதக் காய்ச்சலால் வரும் இதய நோயும் சேர்த்தி. நம் ஊர் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி, அதே நோயால் 1944-ல் ஆறு வயதில் மறைந்த இளவரசர் அவிட்டம் திருநாளின் நினைவாக எழுந்தது. தொண்டை வலியில் தொடங்கும் நோய் அரண்மனைக் குழந்தையையும் விடவில்லை.

ரயில் பாதையில் கீமேன் தினமும் தன் எல்லை முழுதும் நடந்து பார்ப்பார். தண்டவாளத்தில் விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். அதோடு வேலை முடிந்துவிடாது. கேங் ஆட்கள் வந்து சரி செய்த பிறகே வண்டி போகும். நர்ஸிங் மாணவிகள் செய்வது கீமேன் வேலை. மீதி வேலை நம்முடையது.

சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. மலையாளம் படிக்கத் தெரிந்த அன்பர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் சீட்டை ஒரு நிமிஷம் வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். தேவையானால் முதல் முறை ஆஸ்பத்திரிக்குக் கூடப் போய் வாருங்கள். அன்று எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க அப்படி ஒருவர் இல்லை.