உங்களுக்குத் தெரியுமா? பாதித் தொற்றிலேயே மடியும் டி செல்கள்

ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்குச் சுமார் 500 முதல் 1,500 வரை இருப்பவை சிடி4 டி செல்கள். நோய் எதிர்ப்புப் படைக்கு உத்தரவிடும் தளபதிகள் இவை. எச்ஐவி குறிவைப்பதும் இவற்றைத்தான். செல்லின் மேலுள்ள சிடி4 புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, செல்லின் மரபணுத் தொகுதியோடு இணைந்து பெருகுகிறது.

ஆனால், நிணநீர்த் திசுவில் மடியும் சிடி4 செல்களில் பெரும்பாலானவை வைரஸை உற்பத்தி செய்த செல்களே அல்ல. பாதியில் நின்றுபோன தொற்றை உணர்ந்து, தாமே வீங்கி வெடிப்பவை! எச்ஐவி தொற்றுள்ளவரின் சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே சரிந்தால் அது எய்ட்ஸ்.

1986இல் சென்னையில் டாக்டர் நிர்மலா சேகரித்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி உறுதியானது. இன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் ஏஆர்டி (எச்ஐவி கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் மாத்திரைகள் இலவசம்.

எச்ஐவி தொற்று பற்றிச் சந்தேகம் இருந்தால் தயங்காதீர்கள். அரசு நம்பிக்கை மையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இலவச உதவி எண்: 1097.