பாய் விரித்த கால்வாய்

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட நிலப்பகுதியில் குண்டாற்றின் கரையில் அமைந்துள்ள ஊர் திருச்சுழி. சுந்தரரின் தேவாரப் பாடல் பெற்ற இத்தலத்தின் பழம்பெயர் திருச்சுழியல். ஊழிக்காலத்தில் பெருகிவந்த வெள்ளத்தை இறைவன் தம் சூலத்தால் நிலத்தைத் துளைத்துச் சுழித்து உட்புகச் செய்தார் என்பது தலபுராணச் செய்தி. நீர்ச்சுழியைத் தன் பெயரிலேயே தாங்கிய அவ்வூரின் ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் காணப்படுவது மணலே. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட ஊர்களில் வளரும் ஒரு மாணவர், ஆற்றில் செல்லும் படகு ஒன்றையேனும் காணாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிடக்கூடும்.

இந்நிலத்தில் படகுக்கு மாறாக நீரே பயணம் செய்கிறது. மழைநீர் வரத்துக்கால் வழியே கண்மாயை அடையும். மேல்கண்மாய் நிரம்பியபின் மிகைநீர் கலுங்கைத் தாண்டி மறுகால் பாய்ந்து கீழ்க்கண்மாய்க்குச் செல்லும். மேலூரில் கலுங்கை ஒரு சாண் உயர்த்தினால் கீழூரின் வயல் காயும். ஆகவே நீரால் இணைக்கப்பட்ட ஊர்கள் பூசலிட்டேனும் ஒன்றோடொன்று பேசியே ஆகவேண்டும். நீர் செல்லும் வழி மனிதர் சந்திக்கும் வழியாகவும் அமைகிறது என்பதை அறிய, பாய்மரப் படகுகள் நிலத்தின் ஊடே சென்ற ஒரு கால்வாயின் வரலாற்றைக் காணலாம்.

உப்பும் நெல்லும்

உள்நாட்டு நீர்வழிப் பயணம் தமிழருக்குப் புதிதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, உப்பை விற்று நெல்லை ஏற்றிவந்த ‘பஃறி’ என்னும் படகுகள் காவிரிப்பூம்பட்டினத்தின் கழிக்கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததைக் காட்டுகிறது. அப்படகுகளைப் புலவர் தறியில் கட்டிய குதிரைகளுக்கு உவமிக்கிறார். கடற்கரையில் விளையும் உப்பு உள்நாட்டுக்கும், உள்நாட்டில் விளையும் நெல் கடற்கரைக்கும் சென்ற வழி அது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் சென்னையை ஒட்டி வெட்டப்பட்ட கால்வாயிலும் இவ்விரு பொருள்களே படகேறின.

பக்கிங்காம் கால்வாய்

1806-ஆம் ஆண்டில் பசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாயை அமைத்தார். 1837-இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் ஏற்றது. கடற்கரையோரம் இயல்பாக அமைந்திருந்த காயல்களையும் கழிகளையும் இணைத்துச் சிறிது சிறிதாக அது நீட்டிக்கப்பட்டது. வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. பெத்தகஞ்சாமில் கிருஷ்ணா ஆற்றுப்படுகையின் கால்வாய்களோடு அது இணைந்தது. எனவே காக்கிநாடாவில் புறப்படும் படகு, கடலின் அலைகளைச் சந்திக்காமலேயே சென்னையை வந்தடைய முடிந்தது.

நெல்லூர் அரிசி, ஸ்ரீஹரிகோட்டாவின் விறகு, உப்பு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எனப் பலவும் இவ்வழியில் வந்தன. சென்னையின் பழைய இடப்பெயர்கள் சில இன்றும் இதற்குச் சான்று கூறுகின்றன. ‘பேசின் பிரிட்ஜ்’ என்பது படகுகள் ஒதுங்கி நின்ற நீர்த்தேக்கத்தால் அமைந்த பெயர். ‘சால்ட் கோட்டர்ஸ்’ என்பதில் உள்ள ‘கோட்டர்ஸ்’, களஞ்சியத்தைக் குறிக்கும் ‘கொட்டாரம்’ என்னும் சொல்லின் திரிபே. உப்புக் கொட்டாரம் ஆங்கிலேயர் நாவில் அவ்வாறு உருமாறிற்று.

இக்கால்வாய் கடற்கரைக்கு இணையாக வடக்குத் தெற்காகச் செல்கிறது. ஆகவே காற்றின் திசையே பயணத்தின் வேகத்தை முடிவுசெய்தது. தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் வடக்கு நோக்கிச் செல்லும் படகுகளும், வாடையில் தெற்கு நோக்கிச் செல்லும் படகுகளும் பாய் விரித்து விரைந்தன. எதிர்க்காற்று வீசினாலும், காற்று ஓய்ந்தாலும் பாயைச் சுருட்டிவிட்டுக் கழியை ஊன்றித் தள்ளவேண்டும். அல்லது படகில் கட்டிய கயிற்றைத் தோளில் ஏற்றிக் கரைவழியே நடந்து இழுக்கவேண்டும். தாழ்ந்த பாலங்கள் குறுக்கிட்டால் பாய்மரத்தைச் சாய்க்கவேண்டும். மாட்டுவண்டியின் சக்கரம் மணலில் புதைந்துவிடும். நீரோ சுமையைத் தானே தாங்கிக்கொள்ளும். எனவேதான் பல வண்டிகளில் ஏற்றவேண்டிய சரக்கை ஏற்றிய படகினைச் சிலரே இழுத்துச் செல்ல இயன்றது.

கடல் ஏற்றவற்றத்தைப் பொறுத்து இக்கால்வாயின் நீர்மட்டம் மாறும். ஆறுகள் குறுக்கிடும் இடங்களில் நீர் வடிந்துவிடாதிருக்க நீர்ப்பூட்டுகள் அமைக்கப்பட்டன. முன்னும் பின்னும் கதவுகள் கொண்ட பெரிய தொட்டியே நீர்ப்பூட்டு. படகு உள்ளே புகுந்ததும் பின்கதவை அடைப்பர். முன்கதவில் உள்ள சிறு மடையைத் திறந்தால் தொட்டியின் நீரும் அப்பாலுள்ள நீரும் மெல்ல ஒரே மட்டத்துக்கு வரும். பின்னர் முன்கதவைத் திறக்கப் படகு வெளியேறும். கண்மாய் மடையைத் திறந்து மூடுபவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இதற்குச் சிறிது நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பே நீர்வழிப் பயணத்தின் சிறப்பு எனலாம். தொடர்வண்டியில் செல்பவர் ஊர்களைக் கடக்கிறார். படகில் செல்பவர் ஊர்களில் தங்குகிறார். குடிநீருக்கும் காய்கறிக்கும் கரையோர மக்களை நாடாமல் படகோட்டிக்கு வழியில்லை; கால்வாய் நீர் உப்புநீர் அல்லவா? இக்கால்வாய் தெலுங்கு நாட்டையும் தமிழ் நாட்டையும் ஊடறுத்துச் சென்றதால் இரு மொழிகளும் அதன் துறைகளில் கலந்து ஒலித்தன. இரு மொழிகளும் வழங்கும் அருப்புக்கோட்டை வட்டார மக்களுக்கு இது வியப்பளிக்காது.

பசியால் வெட்டப்பட்ட எட்டுக் கிலோமீட்டர்

இக்கால்வாயின் வரலாற்றில் ஒரு பகுதியை எளிதில் கடந்துவிட இயலாது. 1876-இல் பருவமழை பொய்த்தது. ‘தாது வருடப் பஞ்சம்’ என்று மக்கள் நினைவில் நிற்கும் கொடும்பஞ்சம் சென்னை மாகாணத்தைப் பற்றியது. வானம் பார்த்த பூமியில் வாழ்ந்தோர் இலட்சக்கணக்கில் மாண்டனர். அதே காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது.

பசித்தோருக்கு வேலை கொடுத்துக் கூலி வழங்க அரசு நிவாரணப் பணிகளைத் தொடங்கியது. 1877-இல் சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவின்படி, நாள் முழுதும் உழைக்கும் ஆணுக்குக் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் மட்டுமே. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. பெண்களுக்கும் சிறாருக்கும் அதனினும் குறைவு. உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பின்னரே கூலி உயர்ந்தது.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. கால்வாய் 1877–78-இல் இத்தகைய பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. தனித்தனியே கிடந்த வடபகுதியும் தென்பகுதியும் அதனால் ஒன்றாயின. 1878-இல் கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. மண் சுமந்தோரின் பெயர் எதிலும் இல்லை.

கால்வாயின் இன்றைய நிலை

இரயில் பாதையும் பின்னர் சரக்குந்தும் வந்தபின் படகுகள் குறைந்தன. புயல்கள் கரையைச் சிதைத்தன, தூர்வாரல் நின்றது, நகரின் கழிவுநீர் உட்புகுந்தது. சென்னையில் பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயின் உள்ளேயே நாட்டப்பட்டன. ஆயினும் 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது பாய்ந்துவந்த கடல்நீரின் ஒரு பகுதியை இக்கால்வாய் தன்னுள் வாங்கிக்கொண்டு அதன் வேகத்தைத் தணித்தது. 2008-இல் தேசிய நீர்வழி 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது.

பிரான்சு நாட்டில் 1681-இல் திறக்கப்பட்ட மிடி கால்வாயும் இரயிலின் வரவால் சரக்கை இழந்ததே. அதன் நீர்ப்பூட்டுகள் பேணப்பட்டமையால் இன்று உலகெங்கிலுமிருந்து பயணிகள் வந்து, படகில் மெல்லச் சென்று, கரையோரச் சிற்றூர்களில் தங்கி, அவ்வூர் மக்களோடு உரையாடித் திரும்புகின்றனர். 1996-இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உல்லாசப் படகில் ஏறுவோர் பலர், அக்காயலின் வழியே ஒருகாலத்தில் சரக்குப் படகுகள் மரக்காணம் சென்றதை அறியார்.

குண்டாற்றை நோக்கியும் இப்போது ஒரு கால்வாய் திட்டமிடப்பட்டுள்ளது. காவிரியின் மிகை வெள்ளத்தைக் கரூர் மாவட்டத்தின் மாயனூர்க் கதவணையிலிருந்து தெற்கு வெள்ளாறு, வைகை ஆகியவற்றின் வழியே குண்டாற்றில் சேர்க்கும் இத்திட்டத்திற்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 262 கி.மீ. படகுப் போக்குவரத்து அதில் இடம்பெறவில்லை; வழியிலுள்ள கண்மாய்களுக்கு நீர் அளிப்பதே நோக்கம். அந்நீரையும் மேலூர் கீழூருக்கு மறுகால் விட்டாக வேண்டும்.