பட்டம் வரும் வருடம்

சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞான பீடத்தில் நான் இறுதி வருட மாணவி. வீடு கேகாலை மாவட்டத்தில், தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில். விடுமுறைக்கு வந்தால் லயத்தில் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "எப்ப புள்ள முடியுது? வேல எங்க குடுப்பாங்க?" அக்கறையோடு கேட்கிறவர்களுக்கு வாசலில் நின்றபடி இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது நான்கு வருடக் கௌரவப் பட்டம். குறைந்தது 120 கிரெடிட் முடிக்க வேண்டும். கடைசி வருடத்தில் விரிவுரைகள் குறைந்துவிடும். ஆய்வுதான் பெரிய வேலை. தலைப்பைத் தேர்ந்து, விரிவுரையாளர் ஒருவரின் மேற்பார்வையில் தரவு சேகரித்து, ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதி, வாய்மொழிப் பரீட்சையில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உயர்தரம் வரை தமிழில் படித்த எனக்கு மற்ற எதையும்விட இந்த ஆங்கில எழுத்துதான் பாரம். நான்கு வருடப் புள்ளிகளின் சராசரியை ஜீ.பி.ஏ. என்பார்கள். 3.70 அல்லது அதற்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு. கடைசி வருடத்தில் மட்டும் முட்டிமோதிப் படித்து அதை எட்ட முடியாது. முதல் வருடத்தில் விட்ட புள்ளியும் கணக்கில் நிற்கும்.

என் ஆய்வு ரப்பர் இலை உதிர்வு நோயைப் பற்றியது. பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சணத்தால் வரும் இந்த நோய் 2019இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் பரவியது. முதலில் இலையில் வட்டமான பழுப்புப் புள்ளிகள் தெரியும். பிறகு காலம் தப்பி இலை கொட்டும். மரம் மொட்டையாகி, பால் குறையும். அம்மா பால் வெட்டுகிற மலையிலும் மாதிரி எடுத்தேன். எந்த மரத்தில் எப்போது இலை விழத் தொடங்கியது, எதில் பால் வற்றியது என்று அம்மா வரிசையாகச் சொன்னார். என் குறிப்புப் புத்தகத்தின் மிகப் பயனுள்ள பக்கங்கள் அவை. ஆய்வேட்டின் நன்றியுரையில் அம்மாவின் பெயர் மேற்பார்வையாளரின் பெயருக்கு அடுத்ததாக இருக்கும்.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் தெரணியகலை, இலங்கையிலேயே அதிக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. காலை மழை பிடித்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, வருமானமும் குறையும். லலித் அத்துலத்முதலி 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் விடுதிச் சாப்பாட்டுக்கே திண்டாடியிருப்போம். மாதம் 5,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. ஆனால் கல்வியாண்டுக்குப் பத்துத் தவணைதான். ஆண்டு இழுபட்டால் செலவு தொடரும், தவணை தொடராது. 2024 மே மாதம் நாடு முழுவதும் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தபோது இதை அனுபவித்தோம். அதற்கு முன்பே எங்கள் தொகுதி பின்தங்கித்தான் இருந்தது. 2020 ஆகஸ்டில் எழுத வேண்டிய உயர்தரப் பரீட்சையை, கொரோனாவால் ஒக்டோபரில்தான் எழுதினோம்.

கடைசிப் பரீட்சை முடிந்ததும் பட்டம் கைக்கு வந்துவிடாது. பெறுபேறு தயாராகி, பல்கலைக்கழக மூதவை அதை அங்கீகரிக்க வேண்டும். பட்டமளிப்பு விழா பல மாதம் கழித்தே நடக்கும். அதுவரை பெறுபேற்றுக் கடிதத்தை வைத்துத்தான் வேலை தேட வேண்டும். "படிச்சு முடிச்சும் சும்மா இருக்கா" என்று ஊர் பேசுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

ஆனால் என் மனதை அதிகம் உறுத்துவது, தெரணியகலைத் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழக இறுதி வருடம் வரை வந்து சேர்கிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதுதான். கலைப் பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் கொடுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய 16 மாவட்டங்களில் நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம் இரத்தினபுரி மாவட்டம். அங்கேயும் இதே ரப்பர், இதே லயம், இதே மழை. அங்கே உள்ள பிள்ளைக்குத் திறக்கும் கதவு இங்கே உள்ள பிள்ளைக்குத் திறப்பதில்லை. எங்கள் பிள்ளை கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைகளோடு ஒரே வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிட வேண்டும். அதுவும் விஞ்ஞானத்தைத் தமிழில் படிக்க ஊரை விட்டு வேறிடத்தில் தங்கிவிட்டு. நானும் அப்படித்தான் படித்தேன். தங்கும் செலவுக்கு வழியில்லாத கெட்டிக்காரத் தோழிகள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு அறிவு குறைவென்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பின்தங்கிய நிலையை மாவட்டத்தை வைத்து மட்டும் அளப்பது எங்களுக்கு அநீதி. பாடசாலையை வைத்து அளக்க வேண்டும். இதை மலையக நாடாளுமன்ற உறுப்பினர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விடாமல் கேட்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி வருடத்தில் பிள்ளை வீட்டுக்குக் காசு அனுப்பாவிட்டால் கோபிக்காதீர்கள். ஆய்வை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகச் சொல்லாதீர்கள். உயர்தரம் எழுதும் தம்பி தங்கைகளே, ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் வருகிறது. கற்கைநெறிகளை வரிசைப்படுத்தும் முன் அதை முழுதாகப் படியுங்கள். விளங்காத இடத்தை உங்கள் தோட்டத்திலிருந்தோ பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ பல்கலைக்கழகம் போனவரிடம் போய்க் கேளுங்கள்.