தோம்பா, மின்னடுப்பா?

மலேசியாவின் பண்டார் பாருவில் வீட்டைச் சூடாக்கக் காசு செலவழிக்க வேண்டாம். கூரைத் தகரமே போதும். செலவெல்லாம் அடுப்புக்குத்தான். 14 கிலோ கேஸ் தோம்பு, அரசு உதவித்தொகை போக, 26 வெள்ளி 60 சென். 2025 ஜூலையில் வந்த மின்கட்டணத்தில் நேரத்துக்கேற்ப விலை மாறும் கணக்கை எடுத்தால், வேலை நாளில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை விலை கூடுதல். சனி, ஞாயிறு முழுக்க மலிவு. வித்தியாசம் யூனிட்டுக்குச் சுமார் 4 சென்தான், பெரிதாக ஒன்றுமில்லை.

சாம்பார்ப் பருப்பைக் காலை 11 மணிக்கே மின்குக்கரில் போட்டுவிடுவேன். கூரைச் சோலார் நன்றாக ஓடும் நேரம். இரவுத் தோசைக்குச் சூரியன் வராது, கேஸ்தான். அடுப்புக்காக மட்டும் சோலார் போட்டால் கட்டுப்படியாகாது; பகலெல்லாம் ஏர்கோன் ஓடும் வீட்டுக்குத்தான் அது சரி.